பதினொண்ணா, பன்னிரண்டா?

வெடிக்காரருடைய வீடு மாடியில் இருந்தது. ஏறிப் போக முப்பத்திரண்டு படி. ஆறு மாதமாக மனிதர் பத்தாவது படியில் ஒரு தடவையும் இருபதாவது படியில் ஒரு தடவையும் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவர் மனைவி தையல்காரி. ஊசிக் காதில் நூல் கோக்கிற கண்ணுக்கு இது தெரியாமல் போகுமா? ஒரு நாள் வாரே இல்லாத செருப்பு ஒன்றை வாங்கி வந்து வாசலில் வைத்தாள். அன்று சாயங்காலம் அவர் பத்தாவது படியில் நின்று, சுவரில் விரிசல் விட்டிருக்கிறதா என்று ரொம்ப அக்கறையாகத் தடவிப் பார்த்தார்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும், உண்மை வராது என்று அவளுக்குத் தெரியும்.

இருபத்திரண்டு வருடமாகக் கல்குவாரியில் பாறைக்கு வெடி வைப்பதுதான் அவர் வேலை. மத்தியானம் ஒரு மணிக்கு எல்லோரும் மண்மேட்டுக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவார்கள். அவர் பன்னிரண்டு குழிகளின் திரிகளையும் பற்றவைத்துவிட்டு, நடந்துகொண்டே ஒரு நீள விசில் ஊதுவார். பதினைந்து எண்ணுகிற வரைக்கும் அறுபடாத விசில். யாரும் தலை நீட்டாதே என்று அதற்கு அர்த்தம். திரிகளை ஒன்றைவிட ஒன்று நீளமாக வெட்டியிருப்பார் என்பதால் குழிகள் ஒவ்வொன்றாக வெடிக்கும். எல்லாம் வெடித்து முடிந்ததும் இரண்டு குட்டை விசில். அதற்கு அர்த்தம், வரலாம்.

அந்த இரண்டு குட்டை விசிலுக்காகத்தான் அவருக்குச் சம்பளம் என்றே சொல்லலாம். பன்னிரண்டில் ஒன்று வெடிக்காமல் ஊமையாகக் கிடந்தால், அடுத்துத் துளை போட வருகிறவன் அதன்மேலேயே டிரில்லை வைப்பான். அவருக்கு முன்னால் இருந்தவர் ஒரு நாள் எண்ணிக்கையில் கோட்டை விட்டதில் ஒருவருக்கு மூன்று விரல் போனது. இவர் ஒரு நாளும் தப்பாக எண்ணியதில்லை. அதற்கு இவர் கண்டுபிடித்த வழி அலாதியானது. எல்லோரையும் போல மேட்டுக்குப் பின்னால் போகாமல், வெடிக்கு நாற்பதடி தள்ளி இரண்டு பாறைகள் சேருகிற மூலையில் போய் உட்கார்ந்துகொள்வார். எலி வளையானாலும் தனி வளை. பறக்கிற கல் எதுவும் அங்கே எட்டாது. நெஞ்சில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வெடியும் நெஞ்சுக்குள் ஒரு குத்து குத்துவதை எண்ணுவார். காது ஏமாற்றும், நெஞ்சு ஏமாற்றாது என்பது அவர் கட்சி.

நெஞ்சு ஏமாற்றவில்லைதான். மூச்சுதான் காலை வாரியது.

அன்றைக்கு நீள விசிலை ஆரம்பித்தார். நான்கு எண்ணுவதற்குள் மூச்சு தீர்ந்து போனது. இழுத்துப் பிடித்து மறுபடி ஊதினார், அதுவும் நான்கில் நின்றது. அவருக்கு அது அறுந்துபோன ஒரு நீள விசில். மேட்டுக்குப் பின்னால் லாரிக்குள் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கிய அவர் மைத்துனனுக்கோ அது இரண்டு குட்டை விசில். அவன் தூக்கம் உலகப் பிரசித்தம். வெடி வெடித்தாலும் எழமாட்டான் என்பார்களே, அவன் நிஜமாகவே அப்படிப் பல தடவை எழாமல் இருந்தவன். இன்றைக்கும் வெடித்து முடிந்திருக்கும் என்று நினைத்து லாரியைக் கிளப்பிக்கொண்டு ஜம்மென்று உள்ளே வந்துவிட்டான்.

வெடிக்காரர் கத்தப் பார்த்தார். குரல் வரவில்லை. ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் ஆட்டினார். திரும்ப நேரமில்லை. அவனைக் கீழே இழுத்து, மூலைக்குள் தள்ளி, தானும் விழுந்தார். முதல் குழி வெடித்தது.

பன்னிரண்டும் முடிந்தபோது லாரிக்கு முன் கண்ணாடி இல்லை. மைத்துனனுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பலகையால அறைஞ்ச மாதிரி இருக்கு மாமா. தினமும் இங்கயா உக்காருறீங்க?"

"பழகிடும் மாப்ளே" என்றார் அவர். சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை மூச்சு வாங்கியது.

மைத்துனன் தூங்குமூஞ்சியே தவிர முட்டாள் இல்லை. சாயங்காலமே அக்காவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். தான் தூங்கியதை மட்டும் கொஞ்சம் சுருக்கிச் சொன்னான். தையல்காரி காலால் ஓட்டிக்கொண்டிருந்த தையல் மெஷினை நிறுத்தினாள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வெடிக்காரர் டாக்டர் முன்னால், பெண்டாட்டி ஒரு பக்கமும் மச்சினன் ஒரு பக்கமுமாக, பிடிபட்ட திருடனைப் போல முழித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் அம்மா ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். விசில்காரனுக்கே ஊதச் சொல்லித் தருகிறாரே என்ற நினைப்பில் அவர் மார்பை நிமிர்த்தினார். மூன்று எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். பிறகு மைத்துனன் சொன்னதைக் கேட்டு டாக்டர் காகிதத்தில் அந்தப் பாறை மூலையை வரைந்து காட்டச் சொல்லி, வெகு நேரம் அதையே பார்த்தார்.

"கல்லு உங்க மேல படல, சரி. ஆனா வெடிச்சதும் காத்து அலையா வருது இல்லையா? அது அந்த மூலையில முட்டித் திரும்புது. போகும்போது ஒரு அடி, திரும்பும்போது ஒரு அடி. எப்பவோ ஒரு தடவைன்னா நுரையீரல் ஆறிடும். நீங்க ஆற விட்டாத்தானே?"

தூசியும் தன் பங்குக்குச் செய்திருக்கிறது, ஆனால் பெரிய கெடுதல் அந்த மூலைதான் என்றார். போனது முழுசாகத் திரும்பாது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். மேட்டுக்குப் பின்னால் இருந்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு வேலை பார்க்கலாம். மூலைப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் அவர் சுருண்டு உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு தூரத்தில் நெஞ்சுக்கு ஒன்றும் எட்டாது. பிறகு எதை வைத்து எண்ணுவது? தப்பாக எண்ணி இன்னொருத்தன் கையை வாங்குவதா? அவருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. இத்தனை வருடத்தில் வெடியைக் கண்டு வராத பயம்.

தையல்காரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எண்ண முடியலன்னா விட்டுடுங்க. குவாரிக்கு எண்ணத் தெரிஞ்ச வேற ஆளு கிடைப்பாங்க. எனக்குக் கிடைக்க மாட்டாங்க" என்றாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், பாதியில் நின்ற சட்டைக்குக் கை வைத்துத் தைத்தாள்.

மேட்டுக்குப் பின்னாலிருந்து எண்ண முடிகிறதா என்று ஒரே ஒரு நாள் பார்ப்பதாக முடிவானது. நீள விசிலுக்குப் பதிலாகக் கையால் சுற்றுகிற சைரன் ஒன்றை மேனேஜர் வாங்கி வைத்தார். அதைச் சுற்றுகிற பொறுப்பு, தூங்கினதற்குத் தண்டனையாக, மைத்துனனுக்கு. சைரன் சுற்றுகிறவன் தூங்க முடியாது பாருங்கள். வெடிக்காரர் மேடு வரைக்கும் மெதுவாக நடக்க நேரம் வேண்டும் என்று திரிகளை நன்றாக நீளம் கூட்டி வெட்டினார்.

மேட்டுக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் கை நெஞ்சுக்குப் போயிற்று. அங்கே ஒரு சலனமும் இல்லை. காதை மட்டும் தீட்டி வைத்துக்கொண்டார்.

எல்லாம் அடங்கியது. "பன்னிரண்டு" என்றான் மைத்துனன். துளை போடுகிறவரும் பன்னிரண்டு என்றார். மேனேஜர் விரல் விட்டு எண்ணியிருந்தார், அவருக்கும் பன்னிரண்டு. எல்லோரும் விசிலுக்காக அவர் வாயைப் பார்த்தார்கள்.

அவர் காதில் விழுந்தது பதினொன்றுதான். எட்டாவதற்குப் பிறகு வந்த சத்தம் கொஞ்சம் மழுங்கலாக, எதிர்ப்பக்கத்துப் பாறையிலிருந்து வந்த மாதிரி இருந்தது. ஆனால் நெஞ்சு சாட்சி சொல்லவில்லையே. மூன்று பேர் சொல்வதை மறுத்து, கடைசியில் தன் காதுதான் தப்பு என்றாகிவிட்டால், இன்றோடு இந்த வேலை முடிந்தது. விசிலை வாயில் வைத்தார். துளை போடுகிறவரின் பத்து விரல்களைப் பார்த்தார். விசிலை எடுத்துவிட்டார்.

"பதினொண்ணு. ஒன்பதாவது வெடிக்கல. நீங்க எண்ணினது எதிரொலி."

சந்தேகம் வந்தால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. காத்திருந்தார்கள். அவருக்கு அது அரை யுகம். பிறகு அவர் முன்னால் நடக்க, துளை போடுகிறவர் மட்டும் பின்னால் போனார். ஒன்பதாவது குழி வாயை மூடிக்கொண்டு, திரி பாதியில் அணைந்து, சாதுவாகக் கிடந்தது. பக்கத்தில் கையளவு தள்ளி அடுத்த துளைக்குச் சுண்ணாம்பில் குறி போட்டிருந்தது. துளை போடுகிறவர் குறியையும் பார்த்தார், தன் கையையும் பார்த்தார். பிறகு வெடிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

முறைப்படி அந்தக் குழியைத் தனியாக வெடித்துத் தீர்த்தார்கள். அதற்கப்புறம் அவர் இரண்டு குட்டை விசில் ஊதினார். குட்டை விசிலுக்கு இருக்கிற மூச்சு தாராளமாகப் போதும்.

சாயங்காலம் தெருமுனை வரைக்கும் வந்து காத்திருந்தாள் தையல்காரி. அவர் ஒன்று விடாமல் சொன்னார், மேனேஜர் முகம் போன போக்கை நடித்தே காட்டினார். அவள் சிரித்தாள். படிக்கட்டுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

"அப்போ காதே போதும்னு ஆயிடுச்சு. இருபத்திரண்டு வருஷம் அந்த மூலையில எதுக்குங்க உக்காந்தீங்க?"

அவருக்கும் வழியெல்லாம் அதே கேள்விதான். ஏற ஆரம்பித்தார். பத்தாவது படி வந்தது. குனியவில்லை, சுவரைத் தடவவில்லை. நின்றார்.

"இரு. மூச்சு வாங்குது" என்றார்.

மூச்சைப் பற்றி ஆறு மாதத்தில் அவர் சொன்ன முதல் உண்மை அது. அவள் கைப்பையைப் படியில் வைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்னும் இருபத்திரண்டு படி இருந்தது. இரண்டு பேருக்கும் அவசரம் ஒன்றும் இல்லை.