வரைபடத்தில் சேர்ந்த தெரு

நகரம் வருடா வருடம் வெளியே பரவிக்கொண்டே போகிறது. தெருக்கள்தான் சண்டைக்காரச் சம்பந்திகள்போல ஒன்றோடொன்று சேராமல் நிற்கின்றன. எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்று அளந்து மதிப்பெண் போடுவது நகரமைப்பு அலுவலகத்தில் நம் கதைத் தம்பியின் வேலை.

போன வருடம் ஒரு புதிய மனைப்பிரிவுக்கு மதிப்பெண் போதவில்லை. அதன் கடைசித் தெரு, பக்கத்து மனைப்பிரிவின் தெருவைத் தொடாமல் மதிலில் முட்டி நின்றது. அதிகாரியோ அவசரப்படுத்தினார். எப்படியும் மதிலை இடித்துச் சேர்த்துவிடுவார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கணினியில் இரண்டு கோடுகளையும் இழுத்துச் சேர்த்தான் புண்ணியவான். மதிப்பெண் ஏறியது, அனுமதியும் கிடைத்தது. மதில் அப்படியே நின்றது.

அந்த வரைபடத்தை நம்பி அங்கே வீடு வாங்கியது வேறு யாருமில்லை, அவனுடைய அக்காதான். பத்திரம் முடிந்த பிறகுதான் அவனிடம் சொன்னாள். "ஸ்கூல் வீட்டுக்குப் பின்னாடியேடா!" அவன் மதிலைப் பற்றிச் சொல்லாமல், பால் காய்ச்சும் தேதியைக் கேட்டான்.

இன்று காலை அவன் அக்கா வீட்டுக்குப் போனபோது, மதிலுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியின் மணி சமையலறை வரை கேட்டது. ஆனால் தெரு வழியாகப் போவதென்றால் நெடுஞ்சாலைக்குப் போய், லாரிகளுக்கு நடுவே ஊரைச் சுற்றி வர வேண்டும். அதனால் மதிலில் ஓர் ஏணி சாய்ந்திருந்தது. அக்கா மகளின் மோவாயில் பிளாஸ்திரி.

"போன வாரம் மேலேருந்து விழுந்துட்டா," என்றாள் அக்கா. "இன்னைக்கு நீ புடிச்சுக்கோ."

அவன் பிடித்தான். சின்னவள் புத்தகப்பையோடு ஏறினாள்.

"நீ அந்த ஆபீஸ்லதான இருக்க? இல்லாத ரோட்ட இருக்குன்னு போட்டவன் யாருன்னு கண்டுபிடிடா. அவன் கை விளங்குமா?"

பொய் சொல்லிவிடலாம். ஆனால் தலைக்கு மேலே அந்தச் சின்னச் செருப்புகள் தெரிந்தன.

"நான்தான்க்கா போட்டேன்."

திட்டியிருந்தால்கூடத் தேவலாம். அக்கா ஏணியைப் பிடித்திருந்த அவன் கைகளையே பார்த்தாள்.

"மாமா, ஆடுது!" என்றாள் சின்னவள் மேலிருந்து.

"நான் புடிச்சிருக்கேன்டா கண்ணு."

அக்கா வந்து அவனை ஒதுக்கிவிட்டு, ஏணியைத் தானே பிடித்துக்கொண்டாள்.