மூன்று நிமிட வணக்கம்

குப்பை லொறியைத் தவிர நகரசபையின் வேறெந்த அங்கத்தையும் நாகேஸ்வரி நேரில் கண்டதில்லை. ஆட்சி என்பது எப்படித்தான் நடக்கிறது என்று பார்க்க அவளுக்கு நெடுநாள் ஆவல். அன்று மாலை, மெல்போர்னின் கிழக்கோரப் புறநகர் ஒன்றின் நகரசபைக் கூட்டத்தில், பார்வையாளர் வரிசையிலிருந்து கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாள்.

ஆவலோடு ஒரு கவலையும் இருந்தது. சனிக்கிழமைக் காலைகளில் தமிழ் மூத்தோர் சங்கம் கூடும் மண்டபத்தைப் பிக்கிள்போல் என்ற மட்டைப்பந்து விளையாட்டுக் குழுவுக்குக் கொடுத்துவிடலாமா என்று அன்று வாக்கெடுக்கப் போகிறார்கள். அங்கே கரம்பலகை விளையாடுவதற்காகவே கிழமையின் மற்ற நாட்களைப் பொறுத்துக்கொள்பவள் அவள்.

சங்கத்துக்குப் பேச மூன்று நிமிடம். தலைவர் வரதராஜா கோட்டுக்கு மேல் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். யாழ்ப்பாணத்து மேடைகளில் வளர்ந்த நாக்கு அவருடையது. பேசியது ஆங்கிலம்தான், ஆனால் அப்படி ஓர் ஆங்கிலத்தை அந்த அவை அதுவரை கேட்டதில்லை.

"இந்நகரின் முதற்குடிமகனாக வீற்றிருக்கும் மாண்புமிகு மேயர் அவர்களே! குப்பைத் தொட்டிகளுக்குப் பச்சை மூடி தந்த கவுன்சிலர் பெருமகனே! சுற்றுவட்டச் சந்தியில் ரோஜா நட்ட அம்மையாரே..."

பக்கத்துக் கதிரையில் பிக்கிள்போல் குழுவின் சார்பில் பேச வந்திருந்த மார்கரெட், மலேசியத் தமிழச்சி, குனிந்து கேட்டாள்: "அக்கா, உங்க ஆளு எப்பத்தான் விஷயத்துக்கு வருவாரு?"

"வருவார், வருவார். இன்னும் நாலு கவுன்சிலர் மிச்சம் இருக்கினம்."

"எனக்கு ஒரே ஒரு வரிதான் லா. சனிக்கிழமை மண்டபம் வேணும், தேங்க்யூ. அவ்வளவுதான்."

"எங்கடை ஆள் அந்தத் தேங்க்யூவுக்கே அரை மணித்தியாலம் எடுப்பார்."

மூன்று நிமிடம் முடிந்ததென்று மணி அடித்தது. வரதராஜா அப்போதுதான் கடைசிக் கவுன்சிலரின் நாய்ப் பூங்காவைப் புகழ்ந்து முடித்திருந்தார். மண்டபம் என்ற சொல்லே வாயிலிருந்து விழவில்லை. நாகேஸ்வரி தலையில் கைவைத்தாள். போச்சு, சனிக்கிழமை போச்சு.

ஆனால் பச்சை மூடிக்காரர் எழுந்தார். கண் கலங்கியிருந்தது.

"மேயர் அவர்களே, தங்கள் வாயிலாக ஒன்று சொல்ல வேண்டும். அந்த மூடிக்காக இதுவரை எனக்குத் திட்டுத்தான் கிடைத்தது..." மூடியின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து சொன்னார். அவர் அமர்ந்ததும் ரோஜா அம்மையார். பிறகு நாய்ப் பூங்கா. பெயர் சொல்லி வணங்கப்பட்ட ஒருவரும் சும்மா இருக்கத் தயாராக இல்லை.

நாகேஸ்வரி வாய் பிளந்து பார்த்தாள். தலைவர் வாயிலாக, அவையின் அனுமதியோடு, முன்பேசிய நண்பர் குறிப்பிட்டதுபோல... பொன்னாடை ஒன்றுதான் குறை. மற்றபடி அசல் சங்கக் கூட்டம்! இதைப் பார்க்கவா இவ்வளவு காலமும் ஆவல்பட்டோம்?

மார்கரெட் தன் ஒற்றை வரியை மனதுக்குள் சொல்லிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தாள். கடைசியில் மேயரும் நெகிழ்ந்து நன்றி சொல்லி முடித்தபோது செயலாளர் அவர் காதில் ஏதோ ஓதினார். கூட்ட நேரம் முடிந்துவிட்டதாம். மண்டப விவகாரம் அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது. அதுவரை பழைய ஏற்பாடே தொடரும்.

"ஐயோ, நான் வாயையே திறக்கலையே!" என்றாள் மார்கரெட்.

கார் தரிப்பிடத்தில் வரதராஜா துவண்டு நின்றார். "விஷயத்தைத் தொடவே விடேல்லையே, தங்கச்சி. அடுத்த மாதம் வணக்கத்தைச் சுருக்கி, நேரை விஷயத்துக்கு வாறன்."

"ஐயோ அண்ணை, உங்களுக்குக் கோடி புண்ணியம்!" நாகேஸ்வரி பதறிப்போனாள். "மேயருக்குப் பின்னாலை அதிகாரிமார் ஒரு வரிசை இருந்தவை, கண்டனீங்களே? அவையளுக்கு நீங்கள் ஒரு வணக்கமும் சொல்லேல்லை."

"நேரம் காணேல்லை, பிள்ளை."

"அடுத்த முறை அவையளிலை இருந்து தொடங்குங்கோ. விஷயத்துக்கு மட்டும் வந்திடாதேங்கோ."