மேடை ஓரத்துக் குரல்

ஹெர்மினே ஹாஸ்லிங்கருக்கு அன்று காலை குரல் எழும்பவே இல்லை. அதுவும் எந்த நாளில்? இருபத்தாறு வருஷம் பாடிய, ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர ஓபரா மேடையில் கடைசியாகப் பாடி விடைபெற வேண்டிய ஞாயிற்றுக்கிழமையில்! வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்து, ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். பாழாய்ப்போன சளிக்கு நாள் கிழமை தெரியுமா என்ன?

"பதறாதீங்க மேடம்," என்றார் நிர்வாகி ட்ராக்ஸ்லர். "லின்ட்ஸ் ஊர்லேருந்து பாடகி கெர்லிண்டா ரயிலேறிட்டாங்க. அவங்க மேடை ஓரத்துல நின்னு பாடட்டும். நீங்க வேஷம் கட்டி வாயசைச்சா போதும். எல்லா ஊர்லயும் நடக்கறதுதானே!"

நடக்கிறதுதான். ஹெர்மினேயே எத்தனையோ பேருக்காக ஓரத்தில் நின்று பாடியிருக்கிறாள். லேயோபன் ஊர் ரொட்டிக் கடைக்காரர் மகளாகப் பிறந்து, கூட்டமாகப் பாடும் கோரஸில் கடைசி வரிசையில் நின்று, யாருக்கோ காய்ச்சல் வந்த புண்ணியத்தில் நாயகியானவள் அவள். வியன்னாவில் பாடியது ஒரே ஒரு தடவை. அதுவும் இன்னொருத்திக்குப் பதிலாக. பெரிய பத்திரிகைகள் அவளைக் கண்டுகொள்ளவே இல்லை. அதற்கெல்லாம் அவள் அழுததில்லை. இன்று அழுதாள்.

காரணம், அவள் கணவர் வின்சென்ஸ்.

ட்ராம் ஓட்டியவர். வாலிபத்தில் வேலை முடிந்ததும் சீருடையோடு ஓபராவுக்கு ஓடி வந்து, பின்னால் நின்று பார்ப்பவர்கள் பகுதியில் கம்பியில் மஃப்ளரைக் கட்டி இடம் பிடித்துவிடுவார். மஃப்ளர் கட்டிய இடத்தை அந்த ஊரில் எந்த முரடனும் தொட மாட்டான். கல்யாணத்துக்குப் பிறகு ஹெர்மினே நல்ல இருக்கையாக ஏற்பாடு செய்துகொடுத்தாள். "போடி, உக்காந்து கேட்டா தூக்கந்தான் வரும்" என்று பழைய கம்பிக்கே போய்விட்டார். ஆட்டம் முடிந்ததும் அந்த மஃப்ளரை அவிழ்த்துக்கொண்டு நேரே உள்ளே வந்து அவள் கழுத்தில் சுற்றுவார். தொண்டையில் பனி படக் கூடாதாம்.

அந்த மனுஷனுக்கு இப்போது எல்லாம் மறந்துவிட்டது. காலையில் காபி கொடுத்தால், "நீங்க யாரும்மா? ரொம்ப நல்லவங்களா இருக்கீங்க" என்கிறார். கட்டிய மனைவிக்கு அதைவிடக் கொடுமை உண்டா? ஆனால் அவள் பாடினால் மட்டும் முகம் தெளிந்து, "மின்னி!" என்று பழைய செல்லப் பெயரால் கூப்பிட்டுவிடுவார். போன குளிர்காலத்திலிருந்து வீட்டில் பாடினால் அதுவும் பலிக்கவில்லை. வாத்தியங்களோடு மேடையில் பாடினால்தான். இன்றோடு மேடையும் இல்லை. இன்று ஒரு தடவை அந்த 'மின்னி'யைக் காதால் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

"ஏம்மா, இப்படி அழுதா எப்படி? மை வழியுது. மறுபடி மறுபடி போட என் கை என்ன இரும்பா?" என்று அலுத்துக்கொண்டாள், வேஷம் கட்டிவிடும் செஃபி. "உங்க வீட்டுக்காரரைக் கூட்டியாந்து விட்டாச்சு. அதே கம்பியில மஃப்ளரைக் கட்டிட்டு ராஜா மாதிரி நிக்கறாரு. அவருதான் மறந்துட்டாரு, அவரு கை மறக்கல."

கெர்லிண்டா கறுப்பு உடையில் வந்து, ஹெர்மினேயின் இடது தோளுக்கு மேல் "தூ, தூ, தூ" என்று ராசிக்காகத் துப்புவதுபோலச் செய்தாள். "நன்றி சொல்லிடாதீங்கக்கா, ராசி போயிடும்" என்று சிரித்தவள், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொல்லத்தான் குரல் ஏது?

மூன்றாம் அங்கத்தில் ஹெர்மினேயின் வேஷமான செம்படவனின் விதவை கரையில் நின்று பாடும் இடம் வந்தது. கெர்லிண்டா அற்புதமாகப் பாடினாள், பொய் சொல்வானேன். ஹெர்மினே வாயசைத்தாள், மண்டியிட்டாள், கைகளை விரித்தாள். ஆனால் பின்னால் கம்பியருகே நின்ற அந்த வெள்ளைத் தலை அவள் பக்கமே திரும்பவில்லை. அது கெர்லிண்டா நின்று பாடிய மேடை ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இயக்குநர் சொல்லாத இடத்துக்கெல்லாம் நகர்ந்து, அவள் கெர்லிண்டாவின் அருகிலேயே போய் நின்று பார்த்தாள். என்னைப் பாருங்களேன், ஐயோ, ஒரு தடவை பாருங்களேன் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

திரை விழுந்ததும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இத்தனை வருஷம் பாடியபோது தட்டாத தட்டல். செஃபி வின்சென்ஸை உள்ளே கூட்டி வந்தாள். கையில் மஃப்ளர், முகம் பளிச்சென்று தெளிந்திருந்தது. ஹெர்மினே இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு எதிரே போனாள்.

"கொஞ்சம் வழி விடுங்கம்மா," என்றார் அவர்.

அவளைத் தாண்டிப் போய் கெர்லிண்டாவின் கழுத்தில் மஃப்ளரைச் சுற்றினார். "மின்னி! உசுரையே உருவிட்டேடி இன்னிக்கு!"

கெர்லிண்டா மஃப்ளரை அவிழ்க்கப் போனாள். "ஐயோ, நான் இல்லீங்க... அவங்கதான்..."

ஹெர்மினே அவசரமாக உதட்டின் மேல் விரலை வைத்தாள். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"என்னடி, தொண்டை வலிக்குதா?"

"ஆமாங்க... கொஞ்சம்," என்றாள் கெர்லிண்டா. அவள் கண் கலங்கிவிட்டது. "நீங்க முன்னால போங்க. நான் உடுப்பு மாத்திட்டு வரேன்."

வின்சென்ஸ் திருப்தியாகத் திரும்பினார். வேஷத்தில் நின்ற ஹெர்மினேயைப் பார்த்து மரியாதையாகத் தலை குனிந்தார். "நீங்களும் நல்லா நடிச்சீங்கம்மா. தப்பா எடுத்துக்காதீங்க. எங்க மின்னி பாடறப்ப எனக்கு வேற யாரையும் பாக்கத் தோணாது."

ஹெர்மினே வேஷத்தைக் கலைத்துவிட்டு, அவரைக் கைப்பிடித்து ட்ராம் நிறுத்தத்துக்கு அழைத்துப் போனாள். வண்டி வந்தது. ஏறச் சொல்லிக் கையை இழுத்தாள். அவர் அசையவில்லை.

"நீங்க போங்கம்மா, உங்களுக்கு நேரமாகும்," என்றார். "மின்னி வரட்டும்."

வண்டி போய்விட்டது. அவர் ஓபராவின் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அவர் கையை விடாமல் பக்கத்தில் நின்றாள்.