பெட்டிக்குள் நுரைத்தது

முகூரே பெட்டியை மறுபடியும் திறந்தாள். மெல்லிய பருத்திச் சட்டைகள், கொசுக் களிம்பு, வெயிலுக்குத் தொப்பி, ரப்பர் செருப்பு, பெண் வீட்டுக்கு லிமுரு தேயிலை. எல்லாவற்றுக்கும் மேலே தம்பி கபிரு உடுத்தப்போகும் நீள வெள்ளை அங்கி. குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் கை ஓயவில்லை.

மொம்பாசாவில் கபிரு கட்டிக்கொள்ளப்போகும் ஸுஹுராவின் அப்பா அத்மானி, ஒரே ஒரு தடவை வந்து பேசச் சொல்லியிருந்தார். கபிரு அவர்களுடைய இஸ்லாம் மார்க்கத்துக்கு மாறிய பிறகும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. இவர்களைப் போன்ற மலைநாட்டுக்காரர்கள் குடிகாரக் கூட்டம் என்பது அவர் எண்ணம். இன்று சறுக்கினால் கல்யாணம் இல்லை.

அப்பா இல்லாத வீட்டில் பேச வேண்டியவர் பெரியப்பா கமாண்டே. தேனில் ஊறிய முராத்தினா கள் இல்லாமல் பெண் வீட்டில் எப்படி வாயைத் திறப்பது என்று அவர் சில நாளாகவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இப்போது சுரைக்குடுக்கையோடு வாசலில் நின்றார்.

"அந்தக் குடுக்கை வந்தா நான் வரல பெரியப்பா."

"சரிம்மா. குடுக்கை வராது."

அவ்வளவு சீக்கிரம் அவர் எதற்கும் இணங்கியவரில்லை. அது அவளுக்கு உறைப்பதற்குள் வாசலில் ஹாரன் அடித்தது. அவள் கைப்பையைத் தேடி உள்ளே ஓடினாள்.

நைரோபி சாலையில் வண்டிகள் ஊர்ந்தன. இந்தக் கம்பளிக் கோட்டோடு மொம்பாசாவில் இறங்கினால் கிழங்கு மாதிரி வெந்துபோவீர்கள் என்று கபிரு பெரியப்பாவைச் சீண்டினான். அவர் சிரிக்கவில்லை. கார் குலுங்கும்போதெல்லாம் திரும்பிப் பெட்டியைப் பார்த்தார்.

ரயில் நிலையத்தில் வழக்கம்போலப் பெட்டிகளை வரிசையாகத் தரையில் வைத்துவிட்டுப் பயணிகள் சுவரோரம் ஒதுங்கினார்கள். போலீஸ் நாய் மோந்துகொண்டே வந்தது. முகூரேயின் பெட்டியைத் தாண்டியும் போய்விட்டது.

அப்போதுதான் அந்தச் சத்தம். டொப்.

யாரோ குண்டு என்றார்கள். மொத்தக் கூட்டமும் தரையில் படுத்தது. நாய் மட்டும் திரும்பி வந்து, பெட்டியின் ஜிப்பிலிருந்து வழிந்த நுரையை நக்கிப் பார்த்தது.

பெண் போலீஸ் பெட்டியைத் திறந்தாள். அவளும் மலைநாட்டுக்காரி. ஒரு மூச்சு இழுத்ததுமே தெரிந்துகொண்டாள். குடுக்கை வராது என்ற வாக்கைப் பெரியப்பா காப்பாற்றியிருந்தார். கள்ளை சோடா பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கித் திருகி, அங்கிக்கு அடியில் செருகியிருந்தார். குடுக்கைக்கு மூச்சு விடும் வாய் உண்டு. பாட்டிலுக்கு ஏது? வெள்ளை அங்கி பழுப்பாகிக் கிடந்தது.

ரயிலில் கள்ளுக்கு அனுமதியில்லை, பெட்டிக்குச் சொந்தக்காரர் விசாரணைக்கு நிற்க வேண்டும் என்றாள் போலீஸ். வண்டி புறப்படும் அறிவிப்பு வந்தது.

"பெட்டி என்னுதுதான்," என்றாள் முகூரே.

பெரியப்பா அவளை விலக்கிவிட்டு முன்னால் வந்தார். "பெட்டி அவளுது. சரக்கு என்னுது. நான்தான் வச்சேன்."

"நீங்க இல்லாம அங்க யாரு பெரியப்பா பேசுவா?" கபிரு அவர் கையைப் பிடித்தான்.

"இவ பேசட்டும். என்னையே வாயடைக்கிறவ, அவரை விட்டுடுவாளா? ஓடுங்க."

வெறுங்கையோடு ஓடி ஏறினார்கள். பெட்டியைத் தொட்ட கையில் கள் வாடை அடிக்கிறதோ என்று வழி நெடுக முகூரே எழுந்து போய்க் கை கழுவினாள். மோந்து பார்த்தாள். மறுபடி கழுவினாள். பெரியப்பாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடலாம் என்றான் கபிரு.

மொம்பாசாவின் வெக்கை இறங்கியதும் முகத்தில் அறைந்தது. அத்மானி வாசலிலேயே நின்றிருந்தார். பெரியவர் எங்கே என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

"காய்ச்சல்..." என்று தொடங்கினான் கபிரு.

"இல்லீங்க," முகூரே குறுக்கே பாய்ந்தாள். "உங்க வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாததை எடுத்துட்டு வந்தார். எங்க வழக்கத்துல அதுதான் மரியாதை. ஸ்டேஷன்ல வெடிச்சுடுச்சு. அங்கேயே நிறுத்திட்டாங்க."

அத்மானி அவர்களுடைய வெறுங்கைகளைப் பார்த்தார்.

"பெட்டி யாருது?"

"என்னுதுங்க."

"அப்போ அவர் வாயை மூடிக்கிட்டு வண்டியேறியிருக்கலாமே?"

"ஏறலீங்க. தன்னுதுன்னு அவரே சொல்லிட்டார்."

அத்மானி கதவிலிருந்து விலகி வழிவிட்டார். "உள்ள வந்து ஏதாவது சாப்பிடுங்க. அவரை அடுத்த வண்டிக்கு வரச் சொல்லுங்க. அந்த மனுஷன் வந்தப்புறம் பேசிக்கலாம்."

அதற்குள் முகூரேயின் செல்போன் அடித்தது. பெரியப்பாதான். போலீஸ்காரர்கள் நன்றாகத் திட்டிவிட்டு அவரை விட்டுவிட்டார்களாம்.

"கோட்டைக் கழட்டி வச்சுட்டு அடுத்த வண்டியைப் பிடிங்க பெரியப்பா," என்றாள் முகூரே. "வெறுங்கையோட வாங்க."