ராமுத்தாய்க்கு வந்த இரண்டு பூ

ஓடைப்பட்டி அம்மன் கோவிலில் ராமுத்தாய்க்காகப் பூக்கட்டிப் பார்த்தபோது, எடுத்த பொட்டலத்தில் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் சேர்ந்தே இருந்தன. எடுக்காத பொட்டலம் காலி. வெள்ளை வந்தால் கேட்ட காரியத்தைச் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். பொட்டலத்துக்கு ஒரு பூதான் என்பது வழக்கம். இது போன தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நடந்தது. பூசாரி கோட்டைச்சாமி தன் கைதான் தவறிவிட்டது என்று நினைத்து, மறு வெள்ளி ஊர் பார்க்கக் கட்டினார். அப்போதும் இரண்டும் வந்தன. அதே வாரம் ஒருவர் போர் போடக் கேட்டதற்கு ஒழுங்காக ஒரே வெள்ளை வந்தது, முன்னூறு அடியில் தண்ணீரும் வந்தது.

ராமுத்தாய் கேட்டது கல்யாணத்துக்கு. வயது முப்பத்தெட்டு, அப்பா போன பிறகு ஒற்றை ஆளாக ஒன்றரை ஏக்கர் திராட்சைப் பந்தலைக் கட்டிக் காத்தவள். அவள் பழத்தைக் குமுளிக்கு ஏற்றிப் போகும் மினி லாரிக்காரன் சின்னக்கருப்பு. ஆறு வருஷம் பெட்டியை மட்டும் ஏற்றி இறக்கியவன், ஒருநாள் என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டுவிட்டான். சித்திரைக்குள் பதில் இல்லையென்றால் வேறு ஊருக்கு லோடு ஓட்டப் போய்விடுவதாகவும் சொல்லியிருந்தான். அவன் வராத தோட்டத்தை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? வெள்ளை மேலே இருந்தது, அதனால் சம்மதம் என்று டீக்கடையில் ஒரு கட்சி. சிவப்புதான் முதலில் கண்ணில் பட்டது என்று இன்னொரு கட்சி. அம்மன் இந்தத் தடவை பிடிகொடுக்காமல் பேசிவிட்டாள் என்று கோட்டைச்சாமியே சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் ராமுத்தாய்க்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மூன்றாவது வெள்ளியும் இரண்டு பூ வந்தபோது, கூட்டத்தில் நின்ற சின்னக்கருப்பைப் பார்த்தே பேசினாள்.

"ஆத்தா தெளிவாத்தேன் சொல்றா. இதுல விளங்காமப் போக ஒண்ணுமில்ல. உங்ககூட இருக்கணும்னும் இருக்கு, யாரும் வேணாம், தனியாக் கெடப்போம்னும் இருக்கு. ரெண்டுமே முழுசா இருக்கு. எதைப் பொய்யின்னு சொல்லட்டும்?"

ஒரு சொல்லை இரண்டு விதமாகப் புரிந்துகொள்வது வேறு, ஒரே ஆளுக்குள் இரண்டு மனசு இருப்பது வேறு என்பது ஊருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. கோட்டைச்சாமி அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சின்னக்கருப்பு கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றான். பிறகு சொன்னான்:

"வேணாங்கிற மனசையும் கூட்டிக்கிட்டே வா புள்ள. அதுக்கும் சேத்து நான் சோறு போடுறேன்."

வைகாசியில் கல்யாணம் முடிந்தது. ராமுத்தாய் எதற்குக் கேட்டாலும் இன்றுவரை இரண்டு பூதான் வருகிறது. பூசாரியும் இரண்டையும் அவள் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார். வாரத்தில் ஐந்து நாள் அவள் சின்னக்கருப்பு வீட்டில் சிரித்த முகமாக இருக்கிறாள். மீதி இரண்டு நாள் தோட்டத்து அறையில் தனியாக இருக்கிறாள், அங்கேயும் சிரித்த முகம்தான். அந்த இரண்டு நாளும் சின்னக்கருப்பு தூக்குவாளியில் சோற்றைக் கொண்டுவந்து வேலியோரம் வைத்து, ஒரு ஹாரன் அடித்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்காமல் போய்விடுகிறான்.