மலைப்பாதையில் ஆள் நடமாட்டம்

"இந்த மலைப்பாதையைத் தூக்கிடுங்க. ஒரு மாயக்கதவு வைங்க. கோட்டையில நுழைஞ்சா ஏரிக்கரையில வெளிய வரணும்" என்றார் முதலாளி. வெள்ளிக்கிழமை வரை கெடு.

நாங்கள் செய்வது வீடியோ கேம். பூதம், வாள், மந்திரம் எல்லாம் உண்டு. அடுத்த மாதம் வெளிவருகிறது. அதில் பாதை போடுவது என் வேலை. கோட்டையிலிருந்து ஏரிவரை பதினெட்டு நிமிட நடை. இரண்டு வருஷம் உயிரைக் கொடுத்துப் போட்ட பாதை. ஆடிப் பார்க்க வந்த பன்னிரண்டு பேரும் "போரடிக்குது" என்று ஒரே வாயாகச் சொல்லிவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரசனை கெட்ட ஜென்மங்கள் என்று திட்டினேன், வாய்க்குள்தான்.

வியாழக்கிழமை, அக்கா கொடுத்தனுப்பிய சாப்பாட்டோடு மச்சான் ஆபீசுக்கு வந்தார். லாரி ஓட்டுகிறவர். சும்மா இருக்க மாட்டாமல் என் நாற்காலியில் உட்கார்ந்து கேமில் அந்தப் பாதையில் ஐந்து நிமிடம் நடந்து பார்த்தார்.

"ரோடு நல்லாத்தான் இருக்கு மாப்ள. எதிர்ல ஒருத்தனையும் காணோமே? ஊரே காலியாயிடுச்சா?"

சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றது. போன வருஷம் என் கம்ப்யூட்டர் மூச்சு வாங்குகிறதே என்று பாதையில் நடமாடும் வழிப்போக்கர்களை எல்லாம் அணைத்து வைத்திருந்தேன். அந்த மாற்றம் எல்லோருக்கும் பொதுவான கோப்பில்; யார் ஆடினாலும் பாதை காலிதான். திரும்பப் போட மறந்தே போனேன்.

போட்டேன். மூட்டை தூக்கியவன், மாடு ஓட்டுகிறவள், சண்டை போட்டுக்கொண்டே போகும் புருஷன் பெண்டாட்டி என்று பாதை நிறைந்தது. மறுநாள் முதலாளியே நடந்து பார்த்தார். பாலத்தில் விறகுக்காரன் அவரை நிறுத்தினான்.

"பூதத்தைப் பார்க்கவா? மத்தியானமாப் போங்க. சாப்பிட்டுட்டுத் தூங்கும். நானும் அப்பதான் விறகு பொறுக்குவேன்."

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். பதினெட்டு நிமிடப் பாதையில் நாற்பது நிமிடம் சுற்றினார். "கதவு வேண்டாம். பாதை இருக்கட்டும்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

சந்தோஷப்பட முடியவில்லை. அந்தப் பேச்செல்லாம் எழுதியவளைப் போன மாதம்தான் வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். அவள் எழுதியதில் ஒரு வரிகூடக் காதில் விழவில்லை என்று ஆடிப் பார்த்தவர்கள் சொன்னார்களாம். எழுதிக் கொடுத்தேன் என்று அவள் தலைதலையாக அடித்துக்கொண்டாள். நானும் அன்று பக்கத்தில்தான் நின்றேன்.

போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"விறகுக்காரன் பேசுறானா?" என்றாள்.

"பேசுறான்."

"யாராவது சிரிச்சாங்களா?"

"முதலாளி சிரிச்சார்."

அடுத்ததாகக் கேட்டாள்: "இத்தனை நாளா ஏன் பேசலைன்னு அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

போனை வைத்தேன். முதலாளியின் அறை என் மேசையிலிருந்து இருபது அடி. எழுந்து நடந்தேன். அந்த இருபது அடிக்கு ஒரு மாயக்கதவு இருந்தால் தேவலை என்று இருந்தது.