காத்து பிரிஞ்சுதுங்களா?

சிங்காநல்லூர் அரங்கசாமியின் குடும்பத்துப் பெண்கள் தங்கள் உடம்பு நோவை வெளியில் சொன்னதில்லை. அப்படிச் சொல்லாமலே அவர் மனைவி கோமளா வைத்திருந்த குடலிறக்கம் முற்றி, அவசரமாக வயிற்றைக் கிழிக்கும்படி ஆயிற்று. தனி அறை கிடைக்கவில்லை. ஆறு கட்டில் போட்ட வார்டில், கண்டவர் கண்ணில் படும்படி மனைவி படுத்திருப்பதே அவருக்குப் பெரிய தலையிறக்கமாக இருந்தது.

மறுநாள் காலை பீளமேட்டிலிருந்து திருமலைசாமி வந்தார். அவர் பேத்தி ஹர்ஷிணியைத்தான் அரங்கசாமியின் பேரன் பவனுக்குப் பேசியிருந்தார்கள். வரும் முகூர்த்தத்தில் நிச்சயம். ஃபிளாஸ்கில் கஞ்சி கொண்டுவந்திருந்தார். இருவரும் கட்டிலருகே உட்கார்ந்து மண்டபத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நர்ஸ் இனியா வந்தாள். அரங்கசாமியின் தோட்டத்தில் காலமெல்லாம் மண்வெட்டி பிடித்த சின்னானின் பேத்தி.

“ஏனுங்கம்மா, காத்து பிரிஞ்சுதுங்களா?”

குரலை அவள் தணிக்கவில்லை. வயிற்றில் அறுவை செய்த எல்லாரையும் கேட்கும் கேள்விதான். குடல் வேலை செய்யத் தொடங்கியதற்கு அதுதான் அடையாளம். அதுவரை வாயில் சொட்டுத் தண்ணீர்கூட விடக்கூடாது என்று டாக்டர் முந்தின நாளே சொல்லியிருந்தார். அரங்கசாமிக்கும் அது தெரியும். ஆனாலும், சம்பந்தியை வைத்துக்கொண்டு, சின்னான் பேத்தி தன் மனைவியைக் கேட்கிற கேள்வியா இது?

கோமளா அவர் பக்கம் முகத்தைத் திருப்பி, வீட்டில் பேசும் தெலுங்கில், “இங்கா லேதண்டி” என்று முனகினாள். இன்னும் இல்லை.

“அம்மா என்ன சொல்றாங்கய்யா?”

“எல்லாம் ஆச்சுங்கறா. நீ போ.”

திருமலைசாமி வீட்டிலும் தெலுங்குதான். அவர் ஜன்னலுக்கு வெளியே எதையோ கவனமாகப் பார்த்தார்.

இனியா போய்ச் சொல்ல, கஞ்சித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்று டாக்டரிடமிருந்து உத்தரவு வந்தது. கோமளா தலையை ஆட்டி மறுத்தாள். சம்பந்தி வீட்டிலிருந்து வந்ததைத் தொடாமல் திருப்பி அனுப்புவதா என்று அரங்கசாமி பல்லைக் கடித்துக்கொண்டு அதட்டினார். அவள் ஒரு டம்ளர் நிறையக் குடித்தாள்.

பொழுது சாய்வதற்குள் வயிறு பானையாய் உப்பிவிட்டது. பச்சை பச்சையாய் வாந்தி எடுத்தாள். அதில் கொஞ்சம் நுரையீரலுக்குள் இறங்கிவிட்டது. மூக்கில் குழாய் இறக்கி, ஆக்சிஜன் வைத்து, உயிரை இழுத்துப் பிடித்து நிறுத்தினார்கள்.

அடுத்த நாள் திருமலைசாமி மறுபடி வந்திருந்த நேரம் பெரிய டாக்டர் வந்து, காத்து பிரிந்ததா என்று கேட்காமல் எப்படி ஆகாரம் கொடுத்தீர்கள் என்று சத்தம் போட்டார். அரங்கசாமி எழுந்து நின்றார்.

“அந்தப் புள்ள எங்களை ஒரு வார்த்தை கேக்கலீங்க.”

“கேட்டேனுங்க சார்,” என்றாள் இனியா.

“அப்ப பெரியவர் பொய் சொல்றாரா?” என்றார் டாக்டர்.

டாக்டர் எல்லார் முன்னாலும் அவளை உரித்தெடுத்தார். திருமலைசாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

கோமளா கண்ணைத் திறந்தாள். தொண்டையில் குழாய் உரச, ஒவ்வொரு சொல்லாக, இந்த முறை தமிழில் சொன்னாள்.

“கேட்டுச்சுங்க. காத்து பிரிஞ்சது எனக்கில்லீங்க. எங்க ஊட்டுக்காரருக்குங்க.”

பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

“மயக்க மருந்து இன்னும் தெளியலீங்க. என்னமோ பேத்திக்கிட்டிருக்கா,” என்றார் அரங்கசாமி, அவள் பக்கம் திரும்பாமலே. பிறகு மண்டபப் பேச்சை எடுத்தார். திருமலைசாமி காலி ஃபிளாஸ்கைக் கையில் எடுத்துக்கொண்டு, “வாரேனுங்க” என்று மட்டும் சொல்லிப் போனார்.

“ஐயா, கொஞ்சம் வெளிய இருங்க. அம்மாவையே கேட்டுக்கறேன்,” என்றாள் இனியா.

அவர் நாற்காலியை விட்டு அசையவில்லை. ஊசி ஏற்றிய கையைத் தூக்கி, கோமளாவே கட்டிலோரத் திரையைப் பற்றி, அவருக்கும் தனக்கும் நடுவே இழுத்தாள்.